பள்ளிகொண்டாவில் எங்களுக்காக நின்ற லாரி ஓட்டுநர் அண்ணனுக்கு

அண்ணா, பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிச் சென்றீர்கள் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும்.

நானும் என் கணவரும், உள்ளேயே தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வாடகை கேம்பர்வேனில் கர்நாடகம் போய்விட்டு வேலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆண்டுக்குச் சுமார் 7,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஆகும்பே காட்டோரம் தங்கினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு என்றிருக்கும் மரவந்தேயில் சமைத்துச் சாப்பிட்டோம். மலை வளைவுகளில் எல்லாம் தொல்லை தராத வண்டி, பள்ளிகொண்டா அருகே நள்ளிரவில் ஆவி கக்கி நின்றுவிட்டது.

நாங்கள் கைகூடக் காட்டவில்லை. நீங்களாகவே ஓரம் கட்டினீர்கள். முதலில் எங்கள் வேனுக்குப் பின்னால் மரக்கிளைகளைப் போட்டு, வருகிற வண்டிகளை விலகிப்போக வைத்தீர்கள். எனக்கு அதுவே பெரிய உதவி. ரேடியேட்டர் சூடு தணியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, கிளிப் அருகே கிழிந்திருந்த குழாயின் நுனியை அறுத்தெறிந்து, மீதியை இழுத்துப் பொருத்தி இறுக்கினீர்கள். உங்கள் கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றினீர்கள்.

"முன்னால் போங்கள் அம்மா, நான் பின்னாலேயே வருகிறேன்" என்றீர்கள். லோடு இறக்கத் தாமதமாகும் என்று தெரிந்தும், ஊர்ந்து சென்ற எங்களுக்குப் பின்னால் வேலூர் வரை வந்தீர்கள். நீட்டிய பணத்தைத் தொடவில்லை.

ராணிப்பேட்டைக்குத் தோல் லோடு ஓட்டும் நண்பர்களே, அவரைத் தெரிந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அண்ணா, காட்பாடியில் எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது நீங்கள் சாப்பிட வேண்டும்.