செயலாளர் ஆண்டறிக்கை: ஓடு பார்த்த ஆண்டு

நம் வரலாற்று ஆர்வலர் சங்க உறுப்பினர்களுக்கும், உறுப்பினராகாமலேயே எல்லாக் கூட்டத்துக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் நண்பர்களுக்கும் வணக்கம். போன ஆண்டறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் நானும் பொருளாளரும் மட்டும்தான் என்று தெரிய வந்ததால், வழக்கமான சங்கதிகளை முதலிலேயே சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன, அக்னி நட்சத்திரத்தில் மட்டும் நடக்கவில்லை. வேலூர் வெயிலில் மாடி அறையில் கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவர் ஆயுள் முழுக்க எடுத்து வைத்த கல்வெட்டு மைப்படிகளை (கல்வெட்டின் மேல் தாள் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படிகள்) அவருடைய பிள்ளைகள் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கரையான் அரிக்காமல் அவற்றைப் பாதுகாக்க ஒரு இரும்பு பீரோ தேவைப்படுகிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இந்த ஆண்டு நாம் செய்ததில் பெரும்பகுதி பானை ஓடுகளைப் பற்றித்தான். அது எப்படி ஆரம்பித்தது என்பதை வராதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் தன் நிலத்தில் கிடைத்த சிவப்பு ஓடு ஒன்றைப் படம் பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் மூன்று கோடுகள். ஒருவர் 'ம' என்றார், இன்னொருவர் 'க' என்றார், மூன்றாமவர் சிந்துவெளிக்கே போய்விட்டார், சாயங்காலத்துக்குள் "பாலாற்றங்கரையிலும் ஒரு கீழடி" என்று எழுதி அந்தப் படம் மூன்று மாவட்டத்தையும் சுற்றி நம்மிடமே திரும்பி வந்தது. பிறகு ஓட்டைக் கையில் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தால், மூன்று கோட்டிலும் புது மண்ணின் நிறம், ஓரமெல்லாம் பொரிந்திருக்கிறது. டிராக்டர் கலப்பை உரசிய தடம். அவர் மேல் குற்றமில்லை, அவர் படம்தான் போட்டார், மற்றதெல்லாம் குழுவின் கைங்கரியம். ஆனால் ஓடு பார்க்க நமக்கே முறையாகத் தெரியவில்லை என்பது அன்று புரிந்தது. அதனால்தான் ஆண்டு முழுக்க அதையே எடுத்துக்கொண்டோம்.

முதல் வகுப்பை நடத்தித் தந்தவர் கல்லூரியில் தொல்லியல் சொல்லித்தரும் நண்பர். ஓட்டின் மேல் மூன்று விதமான கோடு இருக்கும் என்று ஆரம்பித்தார். ஒன்று, நாம் பார்த்த மாதிரி வெறும் உரசல். இரண்டாவது கீறல் குறி, அதாவது மீன், ஏணி, சூலம் போன்ற அடையாளங்கள், எழுத்து அல்ல. மூன்றாவதுதான் எழுத்து, தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் சொல்கிறோமே, அது. வடக்கில் பிராமி எழுத்தில் எழுதிய பிராகிருத மொழிக்குத் தேவைப்படாத ழ, ள, ற, ன நான்கும் அதில் தனி வடிவத்தோடு இருப்பதால்தான் தமிழுக்காகவே ஆன எழுத்து என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பிந்தியது. ஆகவே பழைய ஓட்டில் ஆ, த, ன என்று மூன்று எழுத்து வரிசையாக இருந்தால் ஆதன் என்று படிக்க வேண்டியது நம் பொறுப்பு. பாதி ஓடு உடைந்திருந்தால் முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது என்பதும் போச்சு.

சுடுவதற்கு முன் கீறியதா, சுட்ட பின் கீறியதா என்பது அடுத்த கேள்வி. இதைப் பேசிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று காட்பாடி பக்கம் கரிகிரிக்குப் போனோம். அங்கே மண்பாண்டம் செய்கிறவர் ஒருவர் எங்கள் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு, பச்சை மண்ணாக இருந்த சட்டியில் ஒரு பக்கமும், சுட்டு ஆறிய சட்டியில் ஒரு பக்கமும் எங்களையே கீறச் சொன்னார். ஆணி ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு போகிறது, கோட்டின் இரு கரையிலும் மண் மெல்ல மேடு கட்டுகிறது, சுட்ட பின்பும் அந்த மேடு அப்படியே நிற்கிறது. சுட்ட சட்டியிலோ ஆணி நறநறவென்று இழுக்க வேண்டியிருக்கிறது, வளைவு வரவே மாட்டேன் என்கிறது, ஓரம் சிறு சிறு செதிலாக உதிர்கிறது, மேல் பூச்சு போய் உள் மண் தெரிகிறது. இதைக் கையால் செய்த பிறகு ஓட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது என்று கூட வந்த எல்லோருமே சொன்னார்கள். பழைய கறுப்பு-சிவப்புப் பானை ஏன் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றும் அவரிடம் கேட்டோம். கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்று எட்டாமல் கறுக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும் என்று வேலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே பதில் சொல்லிவிட்டார்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சுடுவதற்கு முன் கீறினால் அது குயவர் கை. சுட்டு விற்ற பிறகு கீறியிருந்தால் பெரும்பாலும் வாங்கியவர் கை. தமிழ்நாட்டில் எழுத்துள்ள ஓடுகளில் பெரும்பாலானவை பின்னதுதான், அதுவும் பானையின் கழுத்துக்குக் கீழே தோள் பகுதியில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பது மாதிரிதான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று. கீழடியில் குவிரன், ஆதன் என்று பெயர்கள். கொடுமணலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கல்மணி அறுத்துக் கொண்டும் இரும்பு உருக்கிக் கொண்டும் இருந்த ஊர் அது, அரண்மனை கிடையாது. அங்கே சாதன், சம்பன், கண்ணன் ஆதன், அப்புறம் விஸாகி என்று ஒரு பெண் பெயர். வடக்கிலிருந்து வந்த சாயலுள்ள பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் ஒரே தெருவில் கலந்து கிடக்கின்றன. கல்வெட்டில் அரசன் பெயரும் கொடை கொடுத்தவன் பெயரும் வரும்; சோற்றுச் சட்டிக்குச் சொந்தக்காரர் பெயர் ஓட்டில்தான் வரும். என்னைக் கேட்டால், எழுத்து யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு ஒரு பெரிய கல்வெட்டைவிட ஐந்நூறு உடைந்த சட்டி நல்ல சாட்சி.

இந்தச் சட்டிகள் கடல் தாண்டியும் போயிருக்கின்றன. எகிப்தில் செங்கடல் ஓரத்தில் உள்ள குசேர் அல் கதீமில் கிடைத்த ஒரு சாடியின் துண்டில் தமிழி எழுத்தில் "பானை ஒறி" என்று இருப்பதைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) முதல் நூற்றாண்டு வாக்கில். ஒறி என்பது நம் உறிதான், உறியில் தொங்கவிட்ட பானை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர் (பெயர் வேண்டாம்) எழுந்து, எங்கள் பாட்டி வீட்டில் உறி உண்டு என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். அதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். ஓட்டுக்கு வயது ஓட்டிலேயே எழுதியிருக்காது. கீழடிக்குப் பொ.ஆ.மு. 580 என்கிறோமே, அது எழுத்துள்ள எந்த ஓட்டையும் சோதித்து வந்ததல்ல, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டைக் கரிமக் காலக்கணிப்புக்காக அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி வந்தது. அந்த அடுக்கில் என்னென்ன கிடந்தன என்று குழியிலேயே ஒவ்வொன்றாகக் குறித்து வைத்ததால்தான் ஓட்டுக்கும் கரிக்கும் முடிச்சுப் போட முடிகிறது. பழனி பக்கம் பொருந்தலும் இப்படித்தான். 'வயிர' என்று எழுத்துள்ள ஒரு பிரிமணையும் (பானையை உட்கார வைக்கும் மண் வளையம்), நெல் நிரம்பிய நாலு கால் ஜாடியும் ஒரே ஈமக்குழியில் இருந்தன, நெல்லைச் சோதித்தார்கள், பொ.ஆ.மு. 490 என்று வந்தது. இந்தக் காலக்கணிப்பை ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு, ஒரு மாதிரியை மட்டும் வைத்து எழுத்தின் வயதை முடிவு செய்யலாமா என்று கேட்கிறார்கள், கேட்பதும் நியாயமே. ஆனால் அந்தச் சண்டை நடப்பதற்கே ஓடும் நெல்லும் ஒரே இடத்தில் இருந்தது என்ற குறிப்பு வேண்டும். யாரோ ஒருவர் முந்தின வருஷமே அந்தப் பிரிமணையை அழகாக இருக்கிறதே என்று வீட்டு ஷோகேஸில் வைத்திருந்தால், இன்று அது நாலு கோடு போட்ட வெறும் மண் வளையம்.

ஆகவே நம் ஆட்கள் பைநிறைய ஓடு பொறுக்கிக்கொண்டு வருவதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டோம். சிலருக்கு வருத்தம். கிடந்த இடத்திலேயே ஸ்கேல் வைத்துப் படம், கைபேசியில் இடக்குறிப்பு, யார் நிலம், அருகில் பழைய ஈமச்சின்னமான கல்வட்டம் உண்டா, எரிந்த கசடு உண்டா, இவ்வளவும் ஒரு நோட்டில். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. அந்தப் பத்து ரூபாயை இன்னும் யாரும் மாற்றவில்லை என்பது வேறு கதை.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். 1989க்கு முன் இருந்த வட ஆர்க்காடு என்று எடுத்துக்கொண்டால் நமக்கு ஒன்றும் குறைவில்லை. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது, குஜராத்தில் சிந்துவெளி ஊரான லோத்தலில் அகழாய்வு செய்த எஸ்.ஆர். ராவ்தான் பொறுப்பு. மெருகேற்றிய கற்கோடரி, குழி வீடு, கருகிய கொள்ளு, பச்சைப்பயறு, அதற்கு மேல் அடுக்கில் இரும்புக் காலம். இந்த ஆண்டுப் பயணம் அங்கேதான். வெயில் தாழ்ந்து போனது நல்லதாயிற்று. அப்புக்கல்லு சென்னைப் பல்கலைக்கழகத்தார் தோண்டிய இடம், அங்கே அடுத்த ஆண்டு போகலாம். செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் சேந்தன் என்ற பெயர் பழைய எழுத்தில் இருக்கிறது. செய்யாறு பக்கம் மாமண்டூரில், மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ள அதே குன்றில், அவனுக்கு முந்தைய தமிழி எழுத்தில் தேனூர் பற்றிய ஒரு கல்வெட்டு உண்டு; குடைவரை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஆக, எழுத்து இந்தப் பக்கம் எட்டாமல் இல்லை. ஆனால் நம் சங்கத்தார் கண்ணில் எழுத்துள்ள ஓடு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இதுவரை ஒன்றுகூடப் படவில்லை. அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கிடைக்கும்போது கிடைக்கட்டும். கீறல் குறி இருக்கலாம் என்று சந்தேகப்படும்படி சில ஓடுகளைப் படமெடுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கீறல் குறி என்றதும் சிந்துவெளிப் பேச்சு வந்தே தீரும். தொல்லியலாளர் பி.பி. லால் 1960லேயே பெருங்கற்கால (கல்வட்டம் போன்ற ஈமச்சின்னங்கள் எழுப்பிய காலத்து) ஓட்டுக் கீறல்களில் 89 சதவீதம் சிந்துவெளி, அதற்குப் பிந்தைய செம்புக் காலக் குறிகளோடு ஒத்துப்போகின்றன என்று எழுதினார். மாநிலத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஒப்பாய்வும் பெரிய அளவில் ஒற்றுமை காட்டுகிறது, கூடவே சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதல்வர் அறிவித்தார். அன்றிலிருந்து நம் குழுவில் பரிசுக்கு முயலாதவர்கள் சிலரே. வடிவம் ஒத்துப்போவது வேறு, படிப்பது வேறு. ஏணியும் மீனும் யார் வேண்டுமானாலும் கீறலாம். ஒற்றுமை இல்லை என்று நான் சொல்லவில்லை, நமக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை என்கிறேன். குழுவில் இனி படம் போட்டால் இடக்குறிப்போடு போடவும், படித்துச் சொல்வதைக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக் கண்காட்சி நன்றாக நடந்தது. வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை முதலில் அழைத்துப் போய்விட்டு, பிறகு உடைந்த புதுச் சட்டித் துண்டுகளைக் கொடுத்து அவரவர் பெயரைத் தமிழியில் கீறச் சொன்னோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் பெயரில் இருக்கும் 'ஜ'வுக்கு எழுத்து எங்கே என்று கேட்டு, வழிகாட்ட வந்த எங்களைத் திணறடித்தாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே அடுத்த மாதக் கூட்டம் நடந்தது.

வருத்தமான செய்தி ஒன்று. பாலாற்றின் தென்கரையில் நாம் குறித்து வைத்த ஒரு மேட்டில் லாரி லாரியாக மண் எடுத்துவிட்டார்கள். உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம், ரசீது தந்தார்கள், பதில் இல்லை, நினைவூட்டல் அனுப்பினோம், அதற்கும் ரசீது தந்தார்கள். இப்போது போய்ப் பார்த்தால் மேட்டின் பாதி இல்லை, வெட்டிய சுவரில் சாம்பல் அடுக்கு கோடாகத் தெரிகிறது. இருக்கிற பாதியையாவது அளந்து படமெடுத்து வைத்திருக்கிறோம். இந்த மனுவை மேல் அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாமா என்பது இன்றைய கூட்டத்தின் முதல் தீர்மானம்.

இரண்டாவது தீர்மானம் பீரோ. மைப்படிகள் இப்போது என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, வீட்டம்மா கொடுத்த கெடு தீபாவளியோடு முடிகிறது. பழைய பீரோ கொடுக்க யாராவது முன்வந்தால் நல்லது, இல்லாவிட்டால் சந்தாவை உயர்த்த வேண்டியிருக்கும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று பொருளாளர் கணக்கோடு சேர்த்து வாசிப்பார், அதற்கு முன்பே கட்டிவிடுகிறவர்கள் பெயரை வாசிக்க மாட்டார்.

செயலாளர்