டேனிஷ்பேட்டை வளைவில் ஒரு கரி வண்டி

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

உன் கடிதமும் நீ எடுத்த வேக்-12பி சரக்கு எஞ்சின் படமும் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், எனக்கு அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தல் என்று பதில் போட நேரமே கிடைக்கவில்லை. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அவருக்கு முதலில் காட்டியது உன் படத்தைத்தான். போனைக் கிட்டே வைத்து, எட்ட வைத்து, "இது ஒரு எஞ்சினா, ரெண்டாடா?" என்றார். ஒரே எஞ்சின்தான், இரண்டு உடம்பு, 180 டன் எடை, பன்னிரண்டாயிரம் குதிரைத்திறன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல மேட்டூர் கரி வண்டிக்கு ரெண்டு எஞ்சின் சேத்துப் போட்டாக்கூட எட்டாயிரத்தைத் தொடாதே" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து வேக்-5 எஞ்சின் ஒன்றுக்கு 3,850, இரண்டுக்கு 7,700. ஜோலார்பேட்டையில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர் இன்னும் அதை மறக்கவில்லை.

உன் படத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். பின்பாதி உடம்பை வெட்டிவிட்டாய். வேக்-12பி-யின் அழகே அந்த நீளம்தானே? 2020 மே மாதம் முதன்முதலாக ஓட்டத்துக்கு விட்டபோது, தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷனிலிருந்து 118 வேகன்களைப் பின்னால் கட்டி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட எஞ்சினைக் கொஞ்சம் தள்ளி நின்று, பக்கவாட்டில் முழுசாக எடு. நாக்பூரில் அதற்குப் பணிமனையே இருக்கிறது, உனக்கு வாய்ப்புக்கா பஞ்சம்? இரண்டாவது, அந்தக் கோணத்தைப் பார்த்தால் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாய். வேண்டாம்டா. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அதற்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. அதைவிட, மின்சார எஞ்சின் இழுக்கிற வண்டி கிட்டே வரும்வரை பல சமயம் நமக்குச் சத்தம் உறைக்காது. உனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இனி என் கதை. போன சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி டேனிஷ்பேட்டைப் பக்கம் போனேன். லோக்கூரிலிருந்து சேர்வராயன் மலையடிவாரமாக லைன் வளைந்து வளைந்து இறங்கி வருகிற இடம். ரயில்வே எல்லைக் கல்லுக்கு வெளியே ஒரு பாறைமேடு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் வளைவின் இரண்டு முனையும் தெரியும். எக்ஸ்பிரஸ் என்றால் போனைப் பார்த்துவிட்டு வந்து நிற்கலாம். கூட்ஸுக்கு அந்த வசதி கிடையாது. வந்தால் உண்டு. சின்ன வயதில் நாம் கூட்ஸைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையே, எஞ்சின் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு பிருந்தாவன் எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருப்போம். இப்போது எனக்கு நேர்மாறாகிவிட்டது. எப்போது வரும், எந்த ஊர் ஷெட் (எஞ்சின் பணிமனை) எஞ்சினோடு வரும் என்று தெரியாத வண்டிக்காக உட்கார்ந்திருப்பதுதான் பிடித்திருக்கிறது.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நல்ல துணையாக இருந்தார். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். காலி வண்டி என்றால் தகர டப்பாவை இழுத்துக்கொண்டு போவதுபோல் கடகடக்குமாம், லோடு வண்டி என்றால் தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மொத்தமாகக் கேட்குமாம். ஒன்பதரை மணிக்கு, "கரி வண்டி, லோடு" என்றார். கேமராவைத் தூக்கினேன். வளைவில் பச்சை உடம்பும் அதன் குறுக்கே கோடும் தெரிந்தன. வேக்-9. ஷட்டரில் விரல் வைத்த நேரம், எதிர் லைனில் சேலத்திலிருந்து ஏறிவந்த எக்ஸ்பிரஸ் குறுக்கே வந்துவிட்டது. மூன்று மணி நேரக் காத்திருப்பு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற சந்தில் கறுப்பு வேகன்கள் துண்டு துண்டாக ஓடுவதைத்தான் பார்க்க முடிந்தது. நெஞ்சு அடைத்துக்கொண்டது, செல்வா.

எக்ஸ்பிரஸ் போய் முடிந்தபோது கரி வண்டி வேகம் குறைந்துகொண்டிருந்தது. டேனிஷ்பேட்டை சிக்னல் சிவப்பு. மெதுவாக ஊர்ந்து, கடைசியில் பிரேக் வேன் எனக்கு நேர் எதிரில் வந்து நின்றது. பிரேக் கட்டைகள் சூடேறிய வாசனை பாறை மேல்வரை வந்தது. கார்டு (இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அப்பா இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறார்) வெளியே வந்து, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார். வளைவு என்பதால் அறுநூறு மீட்டர் தள்ளி எஞ்சின் முகமே எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது! மேலே மின்கம்பியைத் தொடத் தூக்கிய பாண்டோ, அதன் பின்னால் 58 வேகன், வேகனுக்கு அறுபது டன் கரி, இந்தக் கடைசியில் டீ டம்ளரோடு கார்டு. எல்லாம் ஒரே படத்தில். நான் நினைத்துப் போன படம் இது இல்லை, ஆனால் இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. கரி வண்டிக்கு வெளிச்சம் வைப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும். கறுப்பு வேகனுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும், வானத்துக்கு வைத்தால் வண்டியே மைக்குழம்பாகிவிடும். லேசான மேகம் வந்து காப்பாற்றியது.

லென்ஸில் இழுத்துப் பார்த்தேன், எஞ்சின் பக்கவாட்டில் 'கோமோ' என்றிருந்தது. ஜார்க்கண்ட் ஷெட். 1941 ஜனவரியில் நேதாஜி வீட்டுக்காவலிலிருந்து தப்பிப் போகும்போது ரயிலேறிய அதே கோமோ. இப்போது அந்த ஸ்டேஷனுக்கே அவர் பெயர்தான். எங்கோ இருக்கிற ஊரின் எஞ்சின் நம்ம மலையடிவாரத்தில் வந்து நிற்கிறதே என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரியும் அப்படித்தான். ஒடிசாவில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், மறுபடி ரயிலில் மேட்டூர். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு யூனிட்டும் முழுசாக ஓடினால் ஒரு நாளைக்கு இப்படி மூன்று முழு வண்டிக் கரியாவது விழுங்கிவிடும்.

இதில் ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேக்-9 இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அதன் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைப் பாண்டோ வழியாக மேலே கம்பிக்கே திருப்பி அனுப்பும். அந்தச் சமயம் எதிரே ஏறிவரும் வண்டி அதை எடுத்துக்கொள்ளலாம். என் படத்தை மறைத்த அந்த எக்ஸ்பிரஸ்கூட இந்தக் கரியின் எடையில் பிறந்த மின்சாரத்தில் கொஞ்சம் ஏறியிருக்கலாம். கரி மேட்டூர் போய் அடுப்பில் விழுவதற்கு முன்பே, வெறும் எடையாலேயே மின்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படத்தைக் காட்டியே நடத்தினேன். ஆற்றல் மாற்றப் பாடத்துக்கு இவ்வளவு கேள்வி இதற்கு முன் வந்ததில்லை.

ஒரு பெண் கேட்டாள், "எண்ணூர்ல என் சித்தி வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போட முடியலை சார், சாம்பலா விழுது. நீங்க இதை அழகுன்னு சொல்றீங்களே?" அவள் கேட்டது சரி. அனல்மின் நிலையச் சாம்பலால் அந்தப் பக்கத்துக் கழிமுகமும் மீன்பிடித் தொழிலும் பட்ட பாட்டை நாம் படித்திருக்கிறோம். வண்டியும் எஞ்சினும் அதை ஓட்டுகிறவர்களும் எனக்கு அழகுதான், உன் சித்தி படுகிற பாடும் உண்மைதான், அந்தச் சாம்பலை நிறுத்த வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன் என்று சொன்னேன். இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. எஞ்சினிலிருந்து ஒரு நீள ஹாரன். முதல் வேகனின் கப்ளிங் இழுபட்ட சத்தம் அங்கே 'டங்' என்று தொடங்கி, வேகன் வேகனாக வளைவைச் சுற்றி என்னை நோக்கி ஓடிவந்தது. கார்டு டம்ளரை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசி 'டங்'கில் பிரேக் வேன் குலுங்கி நகர்ந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். பெரியவரும் நானும் திரும்பக் கையசைத்தோம்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. 1993-ல் நாம் எஞ்சின் எண் எழுதிய நீல அட்டை நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? வேக்-5 இப்போது அருகிக்கொண்டே வருகிறது. போன மாதம் ஜோலார்பேட்டை யார்டில் ஓரமாக ஒன்று நின்றது, பெயின்ட் உரிந்து, 23-ல் தொடங்குகிற எண். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் நாம் எழுதியதுதான் என்று தோன்றியது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கரி வண்டிப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பு. உன் கையெழுத்தில் இருக்கிற பக்கங்களையும் விடாதே.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, இரண்டு நாள் கூட வைத்துக்கொண்டு வா. மலர் உனக்காகக் கம்பங்களி செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாறையில் இரண்டு பேர் உட்காரத் தாராளமாக இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மணி