ஈஸ்ட் எண்டர்ஸ வெறும் இழுவைன்னு ஒதுக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பிரிட்டிஷ் டிவி சீரியலுங்களைப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். அதுல பிபிசியோட ஈஸ்ட் எண்டர்ஸ, "40 வருஷமா முடிவே இல்லாம ஓடுற இழுவை, இதையெல்லாம் காலேஜ்ல பாடமா வெச்சு ஆராய்ச்சி பண்றாங்களாம்"னு எழுதி முடிச்சிட்டாங்க. படிச்சதும் மனசு கேக்கல, அதான் இந்த லெட்டர். கட்டுரை எழுதினவர் எதைக் குறைன்னு சொல்றாரோ அந்த நீளம்தான் அந்த சீரியலோட பலமே, அதை மட்டும் சொல்லிடணும்னு தோணுச்சு.

நான் விருதுநகர் பக்கம். கல்யாணமாகி 1999ல லண்டன்ல ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். வந்தது குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டிடும், வீட்டுக்காரர் வேலை முடிச்சு வர ராத்திரி ஒன்பது ஆயிடும். பக்கத்து வீட்டுல ஒரு வயசான வெள்ளைக்காரம்மா தனியா இருந்தாங்க, அவங்கதான் ஒரு நாள் சாயங்காலம் ஏழரை மணிக்கு கூப்பிட்டு உக்கார வெச்சு டீ குடுத்து டிவிய போட்டாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். எனக்கு அவங்க பேசுற கிழக்கு லண்டன் இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனா அந்தம்மா ஒவ்வொரு ஆள் வரும்போதும் விளக்கம் சொல்லுவாங்க, இவ அவனோட பழைய பொண்டாட்டி, அவன் அந்தக் கிழவியோட மகன், அவன் சின்ன வயசுல வீட்ட விட்டு ஓடிப்போயிட்டு திரும்பி வந்தவன்னு. நம்ம ஊர் கல்யாண வீட்டுல பெரியம்மா உக்காந்து யார் யாருக்கு என்ன உறவுன்னு சொல்ற மாதிரியே இருக்கும்.

அந்த பக்கத்து வீட்டம்மா 1985 பிப்ரவரி 19ஆம் தேதி முதல் எபிசோட்ல இருந்து பாக்குறவங்க. மூடிக்கிடந்த ஒரு ரூம் கதவ உதைச்சுத் திறந்து உள்ள போனா, ரெஜ் காக்ஸ்னு ஒரு கிழவர் நாற்காலியில சாகக் கிடப்பார், அதுதான் முதல் காட்சி. ஜூலியா ஸ்மித், டோனி ஹாலண்ட்னு ரெண்டு பேர் சேந்து உருவாக்குன கதை. கதை நடக்குற ஆல்பர்ட் ஸ்கொயர்ங்கிற சதுக்கம் கிழக்கு லண்டன் டால்ஸ்டன்ல இருக்கிற ஃபாசெட் ஸ்கொயர பாத்து கட்டுனது, ஆனா ஷூட்டிங் நடக்குற செட் லண்டனுக்கு வெளிய போரம்வுட்ல இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கதையில மார்க் ஃபவுலர்னு ஒருத்தர், மார்க்கெட்ல காய்கறி பழக்கடை போட்டிருப்பார். நான் பாக்க ஆரம்பிச்சப்ப எனக்கு அவர் சாதாரண கடைக்காரர்தான். அந்தம்மாதான் சொன்னாங்க, அவருக்கு எச்ஐவி இருக்கு, அது 1991லயே தெரிஞ்சுபோச்சு, அப்பா அம்மாகிட்ட சொல்ல முடியாம எத்தனையோ மாசம் மனசுக்குள்ளயே வெச்சிருந்தார், ஜில்னு ஒரு பொண்ண 1992ல கட்டுனார், கல்யாணத்துக்கு அடுத்த நாளே அவ எய்ட்ஸ்ல செத்துப்போனான்னு. இதெல்லாம் கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அவர் நம்ம கண்ணு முன்னாடி நின்னு உருளைக்கிழங்கு எடை போட்டுட்டு இருக்கார், வாரத்துக்கு மூணு நாள் நம்ம வீட்டுக்குள்ள வர்றார், ரெண்டாவது கல்யாணம் பண்றார், தோத்துப்போறார், அம்மாவோட சண்டை போடுறார். 1991ல ஆரம்பிச்ச கதை, 2003ல அவர் பைக்க எடுத்துட்டு ஊர விட்டுப் போற வரைக்கும் 12 வருஷம். அவர் இறந்துட்டார்ங்கிற செய்தி 2004லதான் வரும். ஒரு மனுஷன் அந்த வியாதியோட 12 வருஷம் வேலை பாத்து, குடும்பம் நடத்தி, நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் பாத்து வாழ முடியும்னு ரெண்டு மணி நேர சினிமாவுல எப்படிங்க காட்டுவீங்க?

நம்ம ஊர நெனச்சுப் பாருங்க. இந்தியாவுல முதன்முதலா எச்ஐவிய கண்டுபிடிச்சதே சென்னையிலதான், 1986ல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அப்புறம் 2000க்குப் பிறகு ஊரெல்லாம் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு போர்டு வெச்சாங்க, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஜனங்கள பேச வெச்சது, அதை நான் குறை சொல்லல. ஆனா புள்ளிராஜாவோட அம்மா யாரு, அவர் காலையில எழுந்து எங்க வேலைக்குப் போவார், செய்தி தெரிஞ்ச அன்னிக்கு பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி பாத்தாங்கன்னு நமக்குத் தெரியாது. மார்க் விஷயத்துல எல்லாம் தெரியும். பெக்கி மிட்செல்னு பப் நடத்துற அம்மா, எல்லாருக்கும் பிடிச்ச கேரக்டர், பார்பரா வின்ட்சர் நடிச்சது, அவங்களே மார்க்க ஒதுக்கி வெப்பாங்க. பாக்குறவங்களுக்கு பிடிச்ச ஒருத்தர் கையாலயே அந்தக் கொடுமைய செய்ய வெச்சது எவ்வளவு பெரிய விஷயம்! வில்லி செஞ்சா திட்டிட்டுப் போயிடுவோம், பெக்கி செஞ்சா நாமளும் இப்படித்தான் பண்ணியிருப்போமோன்னு உறுத்தும்.

அப்புறம் எத்தல்ங்கிற கிழவி. முதல் வருஷத்துல இருந்து வர்றவங்க, வில்லின்னு ஒரு பக் நாய்க்குட்டிய தூக்கிட்டே திரியுவாங்களாம். 2000த்துல அவங்களுக்கு கேன்சர், வலி தாங்க முடியாம சிநேகிதி டாட் காட்டன்கிட்ட, நான் சாக உதவி பண்ணுன்னு கேப்பாங்க. டாட் தினமும் பைபிள் வசனம் சொல்ற கிறிஸ்தவப் பொம்பளை. அவங்க என்ன பண்ணுவாங்க? அன்னிக்கு பக்கத்து வீட்டம்மா அழுத அழுகைய நான் மறக்க மாட்டேன். 15 வருஷமா ரெண்டு பேரும் லாண்டரி கடையில ஊர்க்கதை பேசுனதையும் சண்டை போட்டதையும் பாத்தவங்களுக்குத்தான் அந்தக் காட்சியோட முழு கனமும் தெரியும், எனக்கு ஒரு வருஷப் பழக்கந்தான், அதுக்கே தொண்டை அடைச்சுது. டாட்டா நடிச்ச ஜூன் பிரவுன் 2008ல ஒரு எபிசோட் முழுக்க தனியா உக்காந்து, ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில கிடக்கிற புருஷனுக்காக டேப் ரெக்கார்டர்ல பேசிக்கிட்டே இருப்பாங்க, அரை மணி நேரம் வேற ஆளே கிடையாது. சோப்புன்னு சொல்ற பிரிட்டிஷ் தொடர் சீரியலுங்கள்ல அதுவரைக்கும் யாரும் அப்படிப் பண்ணதில்ல. புது சீரியல்ல இதைப் பண்ணா யாரு உக்காந்து பாப்பா?

என் மகள் ஸ்கூல்ல மீடியா ஸ்டடீஸ் எடுத்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் இது ஒரு படிப்பான்னு கேட்டாங்க. அவ பாடத்துக்காக படிச்சத நானும் கூட உக்காந்து படிச்சேன். டோரதி ஹாப்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1980களோட ஆரம்பத்துல கிராஸ்ரோட்ஸ்ங்கிற சீரியலப் பத்தி எழுதணும்னு அத பாக்குற பொம்பளைங்க வீட்டுக்கே போயி, அவங்க கூட உக்காந்து பாத்தாங்க. பிள்ளைங்களுக்கு சாப்பாடு பண்ணிக்கிட்டே, அடுப்படியில இருந்து காத கொடுத்துக்கிட்டே, தங்களோட சொந்த வாழ்க்கைய அதுல பொருத்திப் பாத்துக்கிட்டே அவங்க பாக்குறாங்கன்னு எழுதுனாங்க. எனக்கு ஆச்சரியம், என் முதல் வருஷத்த யாரோ எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சு. டேவிட் பக்கிங்காம்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் 1987ல ஈஸ்ட் எண்டர்ஸ் பாக்குற பிள்ளைங்ககிட்ட பேசிப் பாத்தார், அதுங்க கதையில உருகவும் செய்யுதுங்க, அதே நேரம் இது நடிப்பு, இத இப்படித்தான் எழுதுவாங்கன்னு கிண்டலும் பண்ணுதுங்க. அதாவது பாக்குறவங்க ஏமாந்துபோன கூட்டம் இல்ல.

அதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. 2010 டிசம்பர் 31 ராத்திரி, குழந்தைய தூக்கத்துலயே பறிகொடுத்த ஒரு தாய் அடுத்த வீட்டுக் குழந்தைய மாத்தி எடுத்துட்டு வந்துடுற மாதிரி கதை வெச்சாங்க. ஆயிரக்கணக்குல புகார் போச்சு. குழந்தைய பறிகொடுத்த அம்மாக்களே, எங்கள திருடி மாதிரி காட்டாதீங்கன்னு கேட்டாங்க. பிபிசி அந்தக் கதைய முதல்ல திட்டம் போட்டதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியதாச்சு. ஜனங்க அந்த சீரியல தங்களோடதுன்னு நெனைக்கிறாங்க, அதான் உரிமையோட கோவப்படுறாங்க. 1986 கிறிஸ்துமஸ் அன்னிக்கு கதையில வர்ற டென்ங்கிறவர் தன் பொண்டாட்டி ஏஞ்சிகிட்ட விவாகரத்து பேப்பர குடுத்த எபிசோட, மறுஒளிபரப்பையும் சேத்து 3 கோடி பேருக்கு மேல பாத்தாங்க, அன்னிக்கு அந்த நாட்டு ஜனத்தொகையே அஞ்சே முக்கால் கோடிக்குள்ளதான்.

குறையே இல்லன்னு சொல்ல வரல. எனக்குப் பெரிய வருத்தம் ஒண்ணு இருக்கு. நான் குடியிருக்கிற ஈஸ்ட் ஹாம்ல ஹை ஸ்ட்ரீட் நார்த்ல இறங்கி நடந்தா இட்லி மாவும் முருங்கைக்காயும் கிடைக்கும், முருகன் கோயில் தேர் ரோட்டுல வரும். இதுவும் கிழக்கு லண்டன்தான், ஆனா சீரியல்ல வர்ற வால்ஃபோர்டுங்கிற கற்பனை ஊர்ல இந்தத் தெருவ நான் பாக்கல. முதல் வருஷத்துலயே ஒரு தெற்காசியத் தம்பதி கடை நடத்துற மாதிரி வெச்சாங்க, நல்லது. 2003ல ஃபெரேரான்னு ஒரு இந்தியக் குடும்பத்த கொண்டு வந்தாங்க, கோவா கிறிஸ்தவப் பேர வெச்சுட்டு ஆளுங்கள ஒட்டாம எழுதியிருந்தாங்க, இங்க இருக்கிற இந்தியக் குடும்பங்களுக்கே அது பிடிக்கல, 2005க்குள்ள எல்லாரையும் அனுப்பிட்டாங்க. அப்புறம் வந்த மசூத் குடும்பம் எவ்வளவோ மேல், ஏன்னா அவங்களுக்கு வருஷக்கணக்குல டைம் குடுத்தாங்க. இங்கயும் பாருங்க, நேரம் குடுத்தாத்தான் ஆளுங்க உருவாகுறாங்க.

ஐயா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சினிமாவுக்கு ஒரு முழு பக்கம் விமர்சனம் போடுறீங்க. சீரியலுக்கும் அந்த மாதிரி ஒரு பக்கம் ஒதுக்குங்க, எழுதுறவர ஒரு மாசமாவது, தினமும் பாக்குற ஒரு வீட்டுல போயி உக்காந்து பாத்துட்டு எழுதச் சொல்லுங்க. யாரு யாருக்கு என்ன வேணும்னு அந்த வீட்டு அம்மாவ கேட்டாலே பாதிக் கட்டுரை கிடைச்சிடும்.

இப்படிக்கு,
பல வருஷ வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்