கிராம்பு குத்திய எலுமிச்சம்பழம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் அண்ணனுக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரே வீட்டில் ஒரே ஃப்ளூ காய்ச்சல். உன்னை மூன்று நாளில் விட்டது, அவருக்கு ஏன் நெஞ்சுக்குள் இறங்கியது என்று கேட்டிருந்தாய். வயதையும் சர்க்கரையையும் பற்றி டாக்டர் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது கிருமியின் பக்கத்துக் கதைதான்.

வகுப்பில் எலுமிச்சம்பழத்தில் கிராம்பைக் குத்தி, இதுதான் இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ் என்று காட்டுவேன். அந்தக் கிராம்புகள் இரண்டு வகைப் புரதம். ஹீமக்ளூட்டினின் நம் செல்லில் ஒட்டிக்கொள்ளும்; புதிதாக உருவான வைரஸ்களை நியூராமினிடேஸ் அறுத்து வெளியே விடும். எச்1என்1 என்ற ஃப்ளூ வகையின் பெயரில் வரும் ‘எச்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளும் இவைதாம். ஒட்டும் இடம், செல்லின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறு. மூக்கிலும் தொண்டையிலும் அதன் ஒரு வடிவம் மிகுதி. நுரையீரலின் அடியில் உள்ள காற்றறைகளில் இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ முதலாவதை நாடும், பறவைக் காய்ச்சல் இரண்டாவதை. 1997இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் 18 பேருக்குத்தான் தொற்றியது, ஆனால் 6 பேர் இறந்தார்கள். 2009 பன்றிக் காய்ச்சலின்போது நார்வேயில் நோய் முற்றிய சிலரிடம், ஹீமக்ளூட்டினினில் 222ஆம் இடத்து அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும் மாறியிருந்தது; அதனால் அது நுரையீரலின் அடியில் உள்ள வடிவத்திலும் ஒட்டக்கூடியதாயிற்று!

என்னை விடாமல் பிடித்திருப்பது அலாஸ்காக் கதை. பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில், 80 பெரியவர்களில் 72 பேரை ஐந்தே நாளில், உலகெங்கும் பரவிய ஃப்ளூ கொண்டுபோனது. உறைந்த மண்ணில் ஒரே குழியில் புதைத்தார்கள். யோஹான் ஹல்டின் என்ற நுண்ணுயிரியலாளர் 1951இல் மாணவராகப் போய், அந்த வைரஸைத் தேடித் தோண்டினார்; கொண்டுவந்த திசுவிலிருந்து வைரஸ் வளரவில்லை. 1997இல், 72 வயதில், சொந்தச் செலவில் மறுபடி போனார். கையில் மனைவியின் தோட்டக் கத்தரிக்கோல். குழியில் கிடந்த, பருத்த உடல்வாகுள்ள ஒரு பெண்ணின் நுரையீரலை, அவள் உடல் கொழுப்பு அழுகாமல் பாதுகாத்திருந்தது. அதைத்தான் வெட்டி எடுத்து, 1918 வைரஸின் மரபணு வரிசையைப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி டௌபன்பெர்கருக்கு அனுப்பினார். குழியை மூடியபின், மட்கிப்போன சிலுவைகளுக்குப் பதில் புதிதாக இரண்டு செய்து நட்டார். ஆராய்ச்சியை விட அந்தச் சிலுவைகள்தான் என் மனத்தில் நிற்கின்றன.

அந்த மரபணு வரிசையை வைத்து 2005இல் அட்லாண்டாவில் வைரஸையே மீண்டும் உருவாக்கிவிட்டார்கள். எலிகள் சில நாட்களில் செத்தன. ஹீமக்ளூட்டினினை மட்டும் கழற்றிவிட்டு, சாதாரண ஃப்ளூவினுடையதைப் பொருத்தினார்கள். மற்ற ஏழு மரபணுக்களும் 1918இனுடையவைதான். எலிகள் பிழைத்துக்கொண்டன. ஒரு கிராம்பை மாற்றியதில் இவ்வளவு. செத்த கிருமியை எழுப்பியது சரியா என்று கேட்டால், எனக்கு இன்றும் அரை மனதுதான்.

அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு வரி எழுது. இந்த ஆண்டுத் தடுப்பூசியை நீயும் அண்ணியும் போட்டுக்கொண்டீர்களா? அதைப் பற்றி உன் கடிதத்தில் மூச்சே இல்லை.

அன்புடன்,
ராமநாதன்