தண்ணீர் குடிக்காமல் கிடப்பதைக் கட்டுப்பாடு என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டை, கலப்புத் தற்காப்புக் கலை வீரர்கள் போட்டிக்கு முன் நிறை குறைப்பது பற்றி வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே இரண்டு தடவை வாசித்தேன். ஒரு வாரத்தில் ஆறேழு கிலோ இறக்குவதைத் தவம் என்றும் கட்டுப்பாடு என்றும் எழுதியிருந்தீர்கள். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்கிற பதினாறு வயதுப் பெடியன்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரை எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். என் தம்பி காசுக்குச் சண்டை போடுகிறவன், கொழும்பில் நடக்கும் போட்டிகளுக்குப் போய் வருவான். கடைக்குப் பின்பக்கம் அரிசி மூடை நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது, காலையில் நான் கடை திறக்க முதலே அவன் அதில் ஏறி நிற்பான். அவனுடைய நிறையை அவனுக்கு அடுத்தபடி அறிந்தவன் நான்தான். சாதாரண நாளில் 73 கிலோ. மோதுவது 65.8 கிலோப் பிரிவில், நிறை பார்க்கிற நாளில் அதற்கு மேலே இருக்கக் கூடாது.

போன வருடப் போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போதே அவன் தொடங்கிவிட்டான். விடிய நாலரைக்கு எழும்பி நிலாவெளி வீதியால் ஓட்டம், சோற்றை என் சின்னத் தராசில் நிறுத்துச் சாப்பாடு, பெருநாளுக்குக் கிண்ணியாவில் கூட்டாளி வீட்டுக்குப் போய் எல்லாரும் பிரியாணிச் சஹனை, அதாவது கூடிச் சாப்பிடுகிற பெரிய தட்டை, சுற்றி இருக்க இவன் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு இருந்து சிரித்துக் கதைத்துவிட்டு வந்தான். இனிப்பு இல்லை, சோடா இல்லை, இரவு ஒன்பதுக்குப் படுக்கை. இதை நான் மனதாரக் கட்டுப்பாடு என்று சொல்லுவேன், என்னால் இரண்டு நாள்கூட முடியாது. இப்படி ஏழு வாரத்துக்கு மேலே போய் அவன் 71க்கு வந்தான். மிச்சம் ஐந்து கிலோவுக்குக் கிட்ட இருந்தது, கையில் ஐந்து நாள்.

அந்த ஐந்து கிலோ கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை. தண்ணீர். முதலில் சோறு, பாண், கிழங்கு எல்லாவற்றையும் நிற்பாட்டுவார்கள், ஏனென்றால் மாச்சத்து உடம்பில் சேரும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அது போனால் இதுவும் போகும். உப்பை நிற்பாட்டுவார்கள். முதல் நாட்களில் ஏழெட்டு லீட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, உடம்பு வெளியேற்றப் பழகியதும் ஒரேயடியாக வெட்டுவார்கள். அதன் பிறகு வேர்வை.

அது ஆடி மாதம். கச்சான் காற்று அடிக்கிற நாளில் திருகோணமலையில் மத்தியானம் வெறுங்காலோடு மணலில் நிற்க முடியுமா என்று இந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். அந்த வெயிலுக்குள் என் தம்பி உடம்பு முழுக்கப் பொலித்தீனைச் சுற்றி, அதற்கு மேலே இரண்டு நீளக்கைச் சட்டை போட்டு, கடற்கரையில் ஓடினான். வேர்வை காற்றில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பொலித்தீனுக்குள் அது காயாது, வழிந்துகொண்டே இருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து சட்டையைப் பிழிந்தபோது முற்றத்தில் குளித்த மாதிரித் தண்ணீர் நின்றது. வாயில் புளிப்பு டொபி ஒன்றைப் போட்டுக்கொண்டு வெறும் சோடாப் போத்தலுக்குள் துப்பிக்கொண்டு இருந்தான், எச்சிலும் நிறைதானாம். அம்மா மீன்குழம்பை அடுப்பில் வைத்ததும் எழும்பி வெளியே போய்விட்டான். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கொழும்புக்கு நானும் கூடப் போனேன். நிறை பார்க்கிற நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு, அறையில், காலின் பின்சதை பிடித்து இழுத்துக் கட்டிலில் இருந்து கீழே விழுந்தான். பிடித்துத் தூக்கினேன். கையைப் பொத்திப் பிடி என்றேன், விரல்கள் மடங்கவில்லை. உதடு வெடித்து வெள்ளையாய் இருந்தது. தண்ணீர் குடியடா என்று போத்தலை நீட்டினேன். குடிக்க மாட்டேன் அண்ணா, கொப்பளித்துத் துப்புகிறேன் என்றான். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, துப்புகிறபோது அவன் கண்ணைப் பார்த்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

தராசில் 65.8 காட்டியது. அடுத்த நாள் சண்டையில் வென்றான். உண்மையைச் சொல்ல வேண்டும், வென்றான். எல்லாரும் தோளில் தட்டி, என்ன ஒரு கட்டுப்பாடு என்றார்கள். மூன்றாம் நாள் ஊரில் அவனுக்குச் சிறுநீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, தப்பியது நல்ல காலம் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துக்குள் இப்படியே செத்திருக்கிறார்கள். கடைசியாகச் செத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெஃப் ரீஸ், இறப்பர் உடுப்போடு உடற்பயிற்சிச் சைக்கிள் மிதித்துக்கொண்டு இருந்தவர். அந்த அறையை வேண்டுமென்றே சூடாக்கி வைத்திருந்தார்களாம், கிட்டத்தட்ட 33 பாகை. ஆசிரியர் ஐயா, 33 பாகை எங்கள் வீட்டு விறாந்தை. ஆடியில் அதைவிடக் கூட.

2015 டிசம்பரில் மணிலாவில், ஒன் சம்பியன்ஷிப் என்ற கலப்புத் தற்காப்புக் கலை நிறுவனத்தின் போட்டிக்காக நிறை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் செத்தபோது வயது 21. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் கதை எல்லாருக்கும் தெரியும். முன்பு 53 கிலோவில் மோதியவர், பரிஸில் 50 கிலோவில் இறங்கினார், அதுவரை வெளிநாட்டவர் எவரிடமும் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை முதல் சண்டையிலேயே வென்றார், ஒரே நாளில் மூன்று வெற்றி, இறுதிப் போட்டி. இரவு முழுக்க நித்திரை இல்லாமல் ஓடி, வேர்த்து, முடியையும் வெட்டி, காலையில் தராசில் 50 கிலோவுக்கு மேலே 100 கிராம் கூட. 100 கிராம் என்பது என் கடையில் சின்னச்சீரகம் கேட்டு வருகிறவருக்கு நான் மடித்துக் கொடுக்கிற ஒரு சரை. அதற்காகப் போட்டியிலிருந்தே நீக்கி, கடைசி இடம். அவருக்குக் கட்டுப்பாடு காணாது என்று அப்போது எழுதியவர்களும் இருந்தார்கள், அதை வாசித்து எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2018இல் போலந்தில் இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் நான்கு மணி நேரத்துக்குள் 2 கிலோ இறக்கித் தங்கம் வென்றபோது கொண்டாடியதும் இதே பத்திரிகைகள்தான். இரண்டும் ஒரே வேலை. ஒன்று சரிவந்தது, மற்றது 100 கிராமால் பிழையாய்ப் போனது.

வீரர்களை நான் குறை சொல்லவில்லை. தம்பியிடம் கேட்டேன், ஏன்டா உன் நிறையிலேயே மோதக் கூடாது என்று. காசுப் போட்டிகளில் முதல் நாளே நிறை பார்த்துவிடுவார்கள், ஒரு நாள் முழுக்கக் குடித்துச் சாப்பிட்டு ஐந்தாறு கிலோ ஏற்றிக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே இறங்குகிறார்கள், நான் மட்டும் குறைக்காமல் போனால் என்னைவிடப் பெரிய ஆளிடம் அடி வாங்க வேண்டும் என்றான். அவன் சொல்வது சரி. ஒருவன் மட்டும் நிற்பாட்ட முடியாது, சட்டம்தான் நிற்பாட்ட வேண்டும்.

முடியாத காரியமும் இல்லை. அந்த மூன்று சாவுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இறப்பர் உடுப்பையும் சூட்டறையையும் தடை செய்தது, நிறை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தது, பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு நிறையைக் குறித்து, அதைக் குறிக்கும்போது சிறுநீரின் அடர்த்தியையும் பார்த்தது. வெறும் தண்ணீரை 1 என்று வைத்தால், சிறுநீர் 1.020க்கு மேலே போனால் உடம்பில் தண்ணீர் காணாது, பிறகு வா. யாங் செத்த பிறகு ஒன் சம்பியன்ஷிப்பும் சிறுநீர்ச் சோதனைக்கு மாறியது. அந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு சொட்டை வைத்துக் கண்ணால் பார்க்கிற சின்னக் கருவி போதும். கொழும்பில் இத்தனை செலவில் மேடையும் விளக்கும் போடுகிறவர்களுக்கு அதை வாங்குவது பாரமா?

மாவட்டப் போட்டி நடத்துகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும். மக்கெய்சர் அரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் பின்னேரங்களில் ஓடுகிற பிள்ளைகளில் யாராவது பொலித்தீன் சுற்றியிருந்தால் மறித்துக் கழற்றச் சொல்லுங்கள், அது யாருடைய பிள்ளையாக இருந்தாலும். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த கட்டுரையில் எத்தனை கிலோ இறக்கினான் என்று எழுதும்போது, அதில் எவ்வளவு தண்ணீர், நிறை பார்த்த பிறகு அவன் எப்படி இருந்தான் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். எழுதுங்கோ அண்ணா, ஆனா என்ட பேரைப் போடாதீங்க என்றான், அதனால் என் பெயரையும் விட்டிருக்கிறேன். அடுத்த போட்டிக்கு 70.3 கிலோப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறான், பயிற்றுனரோடு இரண்டு கிழமை வாக்குவாதப்பட்டுத்தான். நேற்றுக் காலை மூடைத் தராசில் 72.4. இறங்கி வந்து இரண்டு முட்டை, ஒரு கோப்பை குரக்கன் கஞ்சி, ஒரு போத்தல் தண்ணீர் முழுக்கக் குடித்துவிட்டு ஓடப் போனான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.