தூசி அடங்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலார் தங்கவயலைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், சயனைடு மலைகள் என்று நாங்கள் சொல்லும் சுரங்கக் கழிவு மேடுகளைச் சொல்லும் இடத்தில், "ஒரு மழை பெய்தால் தூசித் தொல்லை தீர்ந்துவிடுகிறது" என்று ஒரு வரி. படங்கள் நன்றாக இருந்தன. மலைமேல் செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளும் அழகாகத்தான் இருந்தார்கள்.

தூசி அடங்குகிறது, சரி. அப்புறம் அது எங்கே போகிறது என்று உங்கள் நிருபர் கேட்டிருக்கலாமே? கல்லை மாவாக அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, ஒரு நூற்றாண்டாகக் கொட்டிய கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கு மேல். சயனைடாவது வெயிலில் நாளடைவில் சிதையும். கல்லோடு வந்த ஆர்சனிக் என்ற நஞ்சும் உலோகங்களும் சிதையாது. மழைத்தண்ணீர்தான் இழுத்துப் போகும். பெருமழையில் மேட்டின் சரிவு வாய்க்கால் வாய்க்காலாக அரித்து, சாம்பல் நிறச் சேறு சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளின் பின்பக்கம் வரை வரும். தெருக்கோடிக் கிணற்றில் குடிப்பதை அம்மா காலத்திலேயே விட்டுவிட்டோம். அங்கிருந்து ஓடை, ஏரி, வயல். எங்கள் ஊர் பாலாற்றுப் படுகையில் இருப்பது உங்களுக்குத் தெரியாததா? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது முதல் பக்கத்தில் கொண்டாடினீர்கள். மேலேயிருந்து என்னென்ன சேர்ந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை.

அமெரிக்காவில் 2015இல் ஒரு பழைய தங்கச் சுரங்கத்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு அனிமாஸ் ஆறு மஞ்சளானதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர்கள் நீங்கள். எங்கள் சேறு சாம்பல் நிறம், படத்தில் எடுபடாது போலிருக்கிறது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோதும் இதே கதைதான். நஷ்டக் கணக்கை விலாவாரியாக எழுதினீர்கள். அந்த மேடுகளுக்கு இனி யார் பொறுப்பு என்று எழுதவில்லை. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் வருவதைக்கூடத் தன்னம்பிக்கைப் பகுதியில்தான் போட்டீர்கள். என் அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியோடு போய்ச் சேர்ந்தவர். தூசித் தொல்லை தீர்ந்தது என்று படித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் ஐப்பசி மழைக்கு அதே நிருபரை மறுபடி அனுப்புங்கள். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்க நானும் கூட வருகிறேன். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
மாரிகுப்பம், கோலார் தங்கவயல்