கோகிலா எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மதிப்பிற்குரிய எங்கள் தமிழ்ப் பள்ளிச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டு மலருக்காக என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய ‘காப்பு’ தொடர்கதையைப் பற்றி நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் கோகிலா வீடு திரும்பி அப்பாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கதை மலரில் வராது என்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கலாம். மலருக்குப் பணம் கொடுத்த பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

கதை நடப்பது 2160இல், நம் தென்னாப்பிரிக்காவின் இதே டர்பனில். ‘சர்தார்’ என்றோர் இயந்திரம், பதினைந்து வயதாகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தாண்டு வேலையை நிச்சயித்துக் கையில் காப்பு மாட்டிவிடுகிறது. அதைக் கழற்ற முடியாது. ஆள் எங்கே நிற்கிறார், எங்கே நடக்கிறார் என்று காப்பு நிமிடந்தோறும் சர்தாரிடம் ஒப்பித்துக்கொண்டிருக்கும். வீட்டில் கோகி என்று அழைக்கப்படும் கோகிலா, காப்போடு ஓடிப்போகிறாள்.

ஓடுவது சரி, எங்கே ஓடுவது? காடு என்பார்கள், செவ்வாய்க் கிரகம் என்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். பிள்ளைகள் கரூ வறள்நிலத்தைச் சொன்னார்கள். கார்நார்வன் ஊருக்கு அப்பால், மீர்கேட் வானொலித் தொலைநோக்கியின் 64 கிண்ண ஆன்டெனாக்கள் அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். 2018இல் திறந்துவைக்கப்பட்டவை. தொலைதூர விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளை அவை கேட்க வேண்டியிருப்பதால், பக்கத்தில் ஒரு கைப்பேசி முணுமுணுத்தாலும் இடைஞ்சல். அதற்காகவே 2007இல் சட்டம் இயற்றி அந்த வட்டாரத்தில் அலைபரப்பைக் கட்டுப்படுத்தினார்கள். சர்தார் சட்டத்தை மீறத் தெரியாத இயந்திரம். கோகி எல்லையைத் தாண்டியதும் காப்பின் வாயை அதுவே கட்ட வேண்டியதாகிறது! முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். இப்படி ஒரு முடிச்சை நான் பார்த்ததில்லை.

இதற்காக இரண்டு சனிக்கிழமைகள் சண்டை நடந்தது. கோகி அந்தக் கிண்ணங்கள் வழியாக நாட்டுக்கே செய்தி அனுப்புவதாகத்தான் முதலில் எழுதினார்கள். “அவற்றால் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது” என்று ஒரு பையன் எழுந்து நின்று மறித்துவிட்டான். கடைசியில் அந்தக் குறையிலிருந்தே கதை பிறந்தது. தரையில் அமைதி இருந்தாலும் தலைக்கு மேலே செயற்கைக்கோள்கள் பேசிக்கொண்டேதான் போகின்றன. இன்றைய வானியலாளர்களுக்கும் அது தலைவலி. அந்தப் பேச்சில் கோகி சர்தாரின் கணக்கை ஒட்டுக்கேட்கிறாள். ஐந்தாண்டு முடிந்தும் எவருடைய காப்பையும் சர்தார் கழற்றியதே இல்லை என்று தெரிகிறது. கிளர்ச்சி அங்கே தொடங்குகிறது.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் இவர்கள். ‘காப்பு’ என்ற சொல்லை ஒரு மாணவி தன் ஆயாவிடமிருந்து, அதாவது பாட்டியிடமிருந்து, கொண்டுவந்தாள். கோவிலில் காப்புக் கட்டுவது காவலுக்கு. காவல்துறை மாட்டுவதும் காப்புதான். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறதே என்று அவள் வியந்தபோது, நான் பாடம் நடத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

இனி உங்கள் மறுப்புக்கு வருகிறேன். “ஓடிப்போவது நம் பண்பாடு அல்ல” என்று எழுதியிருக்கிறீர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இங்கே கூலி வேலைக்கு வந்திறங்கிய நம் முன்னோருக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம்தான். மாதம் பத்து ஷில்லிங் கூலி, ஆளுக்கு ஓர் எண். எஜமானின் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் சிறை. அடித்தார்கள் என்று முறையிட நடந்து போனவர்களும் சீட்டில்லாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். அப்படியும் ஓடினார்கள். கோகியின் காப்பில் இருக்கும் எண், ஒரு மாணவன் கப்பல் பட்டியலில் தேடி எடுத்த தன் பாட்டனாரின் பாட்டனாருடைய எண். சர்தார் என்ற பெயர் தோட்டத்தில் கூலிகளை மேய்த்த கங்காணியின் பெயர் என்று கரும்புத் தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மையின் படம் நம் பள்ளிக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. 1913இல் அனுமதிச் சீட்டில்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி, மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது பதினாறு. சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று படுக்கையில் கிடந்தவளைக் காந்தி கேட்டார். மறுபடி கைது செய்தாலும் போகத் தயார் என்றாள். அவளுக்கு மாலை போடும் கைகள்தான் கோகியைக் காலில் விழச் சொல்கின்றன.

வள்ளியம்மை தாயோடு போனாள், வீட்டைவிட்டு ஓடவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். சரியான பேச்சுதான். பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். அதனால்தான் இரண்டாம் அத்தியாயத்தில் ஆயா வருகிறார். இரவோடு இரவாகப் புளிச்சோறு கட்டிக்கொடுத்து, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து, கோகியை பஸ் ஏற்றிவிடுவது அவர்தான். உங்கள் கடிதத்தில் ஆயாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த அத்தியாயத்தைப் புரட்டினீர்களா என்றே எனக்குச் சந்தேகம்.

பெண் பிள்ளைகள் காணாமல் போகும் ஊரில் இப்படி ஒரு கதை வேண்டுமா என்று ஒரு தாய் என்னை நேரில் கேட்டார். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. எனக்கும் பேத்திகள் இருக்கிறார்கள். கதையின் முன்பக்கத்தில், வீட்டில் துன்பம் என்றால் யாரிடம் பேசலாம் என்று நான்கு வரி சேர்க்க நானே முன்வந்தேன். இன்றும் அதற்குத் தயார். ஆனால் “கோகியைப் பையனாக மாற்றிவிட்டால் முடிவு அப்படியே இருக்கலாம்” என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னாரே, அதன் பிறகு இது பாதுகாப்பைப் பற்றிய பேச்சு என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிள்ளைகள் எழுதிய முடிவில் கோகி டர்பனுக்குத் திரும்பத்தான் செய்கிறாள். காப்பு இல்லாத கையோடு வருகிறாள். அப்பா கதவைத் திறக்கிறார். இருவரும் பேசவில்லை, அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார். கதை அங்கே நிற்கிறது. அதற்குமேல் ஒரு வரியைச் சேர்க்க எனக்குக் கை வராது. உங்களுக்கு வரும் என்றால், என் பெயரைப் பதிப்பாசிரியர் இடத்திலிருந்து எடுத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்பில் கடைசி அத்தியாயத்தைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கப்போகிறார்கள். பின்வரிசையில் ஏழு நாற்காலிகள் போட்டுவைக்கிறேன். வரும்போது, பச்சை அட்டை போட்ட அந்த நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துவாருங்கள். பிள்ளைகளிடம் வேறு பிரதி இல்லை.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை